காவலும் கணக்கும்: தென்கொரியப் பயணக் குறிப்புகள்

செவ்வாய், சியோல்

சியோல் நகரத்தின் நடுவே, ஹான் ஆற்றுக்கு வடகரையில் யோங்சான் என்ற பகுதி இருக்கிறது. நகரத்திலேயே நிலம் மிக விலையுயர்ந்த இடங்களில் ஒன்று. நூறு ஆண்டுக்கும் மேலாக வேற்றுநாட்டுப் படைகள் முகாமிட்டிருந்ததும் அங்கேதான். முதலில் ஜப்பானியப் படை இருந்தது. 1945ல் ஜப்பான் தோற்றதும் அமெரிக்கப் படை அதே மதில்களுக்குள் குடியேறியது. 2018ல் அதன் தலைமையகம் தெற்கே பியோங்தேக்குக்கு மாறிவிட்டது. திரும்பக் கிடைத்த நிலத்தில் ஒரு பகுதியை 2023ல் குழந்தைகள் தோட்டமாகத் திறந்திருக்கிறார்கள். இன்று காலை மழலையர் பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பியுடன் வரிசையாக நடந்து போனார்கள். பின்னால் அமெரிக்க அதிகாரிகள் குடியிருந்த சிவப்புக் கூரை வீடுகள் அப்படியே நிற்கின்றன.

பக்கத்திலேயே கொரியப் போர் நினைவகம். கட்டணம் கிடையாது. கட்டடத்தின் இரு பக்கமும் நீளும் நடைக்கூடங்களில் கறுப்புப் பலகைகள், அவற்றில் இறந்தவர்களின் பெயர்கள். கொரியர்களைப் படைப்பிரிவு வாரியாகவும், வெளியிலிருந்து வந்தவர்களை நாடு வாரியாகவும் பொறித்திருக்கிறார்கள். அமெரிக்கர்கள் மட்டும் மாநில வாரியாக. ஓஹையோ, டெக்சஸ், பென்சில்வேனியா என்று பலகைக்கு மேல் பலகை. 1950 முதல் 1953 வரை நடந்த அந்தப் போரில் இறந்த அமெரிக்கர்கள் 36 ஆயிரத்துக்கும் மேல். தென்கொரியப் படைவீரர்கள் ஏறத்தாழ 1,37,000. இரு பக்கப் பொதுமக்களையும் சேர்த்தால் கணக்கு பல லட்சங்களில் போகிறது. அவர்களுக்குப் பலகை இல்லை.

என்னை இங்கே கொண்டுவந்த கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். வலிமையான நாடு தன் நட்பு நாடுகளைக் காக்கும் சுமையை ஏற்க வேண்டுமா? சில ஆண்டுகளாக அமெரிக்கத் தேர்தல் மேடைகளில் இதுவே பேச்சு. “நாங்கள் ஏன் அவர்களுக்குக் காவல் நிற்க வேண்டும், பணம் கொடுக்கட்டும்” என்கிறார்கள். மேடையில் கேட்க எளிதாக இருக்கிறது. காவல் உண்மையிலேயே நிற்கும் இடத்தில் அது எப்படி ஒலிக்கிறது என்று பார்க்க வேண்டும். 1953ல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி இன்றும் 28,500 அமெரிக்கப் படையினர் இருக்கும் இந்த நாட்டைவிட அதற்குப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் இந்தக் காவல் எப்படித் தொடங்கியது என்பதைப் பார்க்க வேண்டும். 1945 ஆகஸ்ட் 10ஆம் தேதி இரவு, வாஷிங்டனில் இரண்டு இளம் ராணுவ அதிகாரிகள் (ஒருவர் டீன் ரஸ்க், பிற்காலத்தில் வெளியுறவு அமைச்சர், இன்னொருவர் சார்லஸ் போன்ஸ்டீல்) அரை மணி நேர அவகாசத்தில் ஒரு பத்திரிகை வரைபடத்தைப் பார்த்து அதுவரை ஜப்பான் ஆண்ட கொரியாவை 38ஆவது இணைகோட்டில் சோவியத்துக்கும் அமெரிக்காவுக்குமாகப் பிரிக்கலாம் என்று முன்மொழிந்தார்கள். சோவியத் ஒன்றியம் ஒத்துக்கொண்டது. கொரியர் ஒருவரையும் கேட்கவில்லை. ஆகவே இது அமெரிக்கா பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்ட சுமை அல்ல. கோட்டைப் போட்டவர்களில் ஒரு பங்காளி அது. சுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இங்கிருந்து தொடங்க மறக்கிறார்கள்.

புதன், எல்லைப் பக்கம்

இம்ஜின்காக்கில் கடவுச்சீட்டைக் காட்டிப் பேருந்து ஏறினோம். கூட வந்தவர் சுவோனில் ஆராய்ச்சி செய்யும் நம்மூர்த் தம்பி. ஐந்தாறு ஆண்டாக இங்கே இருப்பதால் கொரிய மொழி நன்றாகப் பேசுகிறார். எனக்கு மொழிபெயர்ப்பும் அவர்தான், என்னோடு விடாமல் வாதாடுவதும் அவர்தான்.

தெற்கே படையை நுழைக்க வடகொரியா ரகசியமாகக் குடைந்த மூன்றாவது சுரங்கத்துக்குத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு இறங்கினோம். 1978ல் கண்டுபிடித்தது. தரைக்கு 73 மீட்டர் கீழே, பாறையைக் குடைந்து 1.6 கிலோமீட்டருக்கு மேல் வடக்கிலிருந்து வந்திருக்கிறது. இங்கிருந்து சியோல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். நாட்டின் மக்களில் பாதிப் பேர் அந்த நகரத்திலும் அதைச் சுற்றியும் வாழ்கிறார்கள். குனிந்து நடந்து ஈரச் சுவரைத் தொட்டபோது, எல்லையைப் பற்றிக் கொரியர்கள் பேசும் நிதானம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு வியப்பாக இருந்தது.

டோரா குன்றின் மேலிருந்து தொலைநோக்கியில் கேசோங் தெரிகிறது. தென்கொரிய முதலாளிகள் வடகொரியத் தொழிலாளர்களை வைத்து நடத்திய தொழிற்பேட்டை அங்கே இருந்தது. 2016ல் மூடினார்கள். இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து உட்கார்ந்த அலுவலகத்தை 2020ல் வடக்கு வெடிவைத்துத் தகர்த்தது.

பேருந்தில் பக்கத்து இருக்கையில் அமெரிக்கப் பெண்மணி ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் மகன் ஒன்பது மாதச் சுழற்சியில் இங்கே வந்த கவசப் படைப்பிரிவில் இருந்தாராம். மகள் பிறந்தபோது அவரால் ஊருக்குப் போக முடியவில்லை. பேத்தியின் முதல் ஆறு மாதத்தை மகன் கைபேசியில்தான் பார்த்தார் என்று சொல்லிவிட்டு, “இவ்வளவு பணக்கார நாடு. கப்பல், கார், சிப்பு எல்லாம் செய்கிறார்கள். இன்னும் ஏன் என் பிள்ளை வர வேண்டும்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. களைப்பாகக் கேட்டார். அந்தக் கேள்விக்கு மரியாதையான பதில் ஒன்று இருக்க வேண்டும். மேடைப் பேச்சாளர்களை நான் ஒதுக்கிவிடலாம், இந்த அம்மாவை ஒதுக்க முடியாது.

திரும்பும் வழியில் முன்சான். இந்த ஊருக்கு நம் பக்கத் தொடர்பு ஒன்று உண்டு. 1951 மார்ச் 23ல் அமெரிக்கப் பாராசூட் படை இங்கே குதித்தபோது, அவர்களோடு இந்திய ராணுவத்தின் 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவைச் சேர்ந்த சிறு குழுவும் குதித்தது. அந்தப் பிரிவின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். முந்தைய டிசம்பரில் வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கிலிருந்து ஐ.நா. படையெல்லாம் பின்வாங்கியபோது, மருத்துவக் கருவிகளை விட்டுவிட்டு வரச் சொன்னதை இந்தப் பிரிவு ஏற்கவில்லை. கைவிடப்பட்ட ரயில் எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு, பாலம் தகர்க்கப்படும் முன் ஆற்றைக் கடந்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. தென்கொரிய அரசு 2020 ஜூலையில் அவரை அந்த மாதத்தின் போர்வீரராக அறிவித்தது. நம் பள்ளிப் பாடத்தில் இந்தப் பெயரை நான் படித்ததில்லை, படித்திருக்க வேண்டும்.

நேரு அரசு சண்டைப் படை அனுப்பவில்லை, மருத்துவர்களை அனுப்பியது. எந்த அணியிலும் சேராத நாடு அது. ஒப்பந்தக் கடமை ஏதுமில்லை. கடமை இல்லாமலும் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குத் தோள் கொடுக்கலாம் என்பதற்கு நான் காட்டும் சான்று இவர்கள்தான்.

வியாழன், ஓசான், பியோங்தேக்

நீளமான நாள், நீளமான பதிவு.

சியோலிலிருந்து முதல் வழித்தட மெட்ரோவிலேயே ஓசான் வரை வந்துவிடலாம். ஊருக்கு வடக்கே சாலை ஒரு சிறு மேட்டில் ஏறி இறங்கும் இடம் ஜுக்மிர்யோங். இந்தப் பயணத்தில் நான் முதலில் குறித்து வைத்த இடம் இது. எல்லைக்குப் போகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட இங்கே வருவதில்லை என்று நினைக்கிறேன். இன்று காலை எங்களைத் தவிர ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் மட்டும்தான்.

1949 ஜூன் முடிவில் அமெரிக்கா தன் சண்டைப் படையைக் கொரியாவிலிருந்து முழுக்கத் திரும்ப அழைத்துக்கொண்டது. மிஞ்சியவர்கள் ஏறத்தாழ 500 ஆலோசகர்கள். தென்கொரிய ராணுவத்துக்கு டாங்கி ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. வடக்கின் மேல் படையெடுத்து நாட்டை ஒன்றாக்குவேன் என்று அதிபர் சிங்மன் ரீ வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்தார். ஆயுதம் கொடுத்தால் இவரே போரைத் தொடங்கி நம்மையும் உள்ளே இழுத்துவிடுவார் என்று வாஷிங்டன் பயந்தது. காவல் கொடுப்பவருக்கு இப்படியொரு அச்சம் வருவது நியாயம்தான். 1950 ஜனவரி 12ல் வெளியுறவு அமைச்சர் டீன் அச்சசன் அமெரிக்காவின் பசிபிக் பாதுகாப்பு வளையத்தை விவரித்தார். அலூசியன் தீவுகள், ஜப்பான், ரியூக்கியூ தீவுகள், பிலிப்பைன்ஸ் என்று போனது அந்த வளையம். கொரியா அதற்கு வெளியே நின்றது.

ஜூன் 25ல் வடகொரிய டாங்கிகள் எல்லையைத் தாண்டின. அந்த ஒரு பேச்சுதான் போரைக் கொண்டுவந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வடகொரியத் தலைவர் கிம் இல் சுங் அதற்கும் முன்பிருந்தே ஸ்டாலினிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் 1949ல் மறுத்த ஸ்டாலின் 1950ல் சம்மதித்தார். இடைப்பட்ட காலத்தில் அமெரிக்கப் படை போயிருந்தது, சீனாவில் மாவோ வென்றிருந்தார், சோவியத்திடம் அணுகுண்டு வந்திருந்தது. மூன்றும் சேர்ந்தே அவர் கணக்கை மாற்றியிருக்கும்.

மூன்று நாளில் சியோல் விழுந்தது. ஜூலை 5ஆம் தேதி, மழை பெய்யும் காலை, இந்த மேட்டில் 540 அமெரிக்கர்கள் நின்றார்கள். ஜப்பானிலிருந்து அவசரமாக விமானத்தில் கொண்டுவரப்பட்டவர்கள். தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் சார்லஸ் ஸ்மித். பெரும்பாலானோர் சண்டையே பார்த்திராத இளைஞர்கள். டாங்கியைத் துளைக்கக்கூடிய பீரங்கிக் குண்டுகள் அவர்களிடம் இருந்தவை மொத்தம் ஆறு. முப்பதுக்கும் மேற்பட்ட டாங்கிகள் அவர்கள் நடுவே புகுந்து போய்க்கொண்டே இருந்தன. தோளில் வைத்துச் சுடும் பழைய பசூக்காக்கள் அந்த இரும்பைக் கீறக்கூட இல்லை. சுமார் ஏழு மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள். ஏறத்தாழ 150 பேர் இறந்தும் காயமுற்றும் பிடிபட்டும் போனார்கள்.

முந்தைய ஆண்டு 500 ஆலோசகர்கள் மட்டும் போதும் என்று முடிவு செய்த நாடு, மறு ஆண்டு ஆறு குண்டோடு 540 பேரை அனுப்பியது. பிறகு மூன்று ஆண்டில் 36 ஆயிரம் பேரைப் பறிகொடுத்தது. பேருந்தில் பார்த்த அந்த அம்மாவிடம் சொல்ல என்னிடம் இருக்கும் முதல் பதில் இந்த மேடுதான். உங்கள் மகன் ஒன்பது மாதம் இங்கே சும்மா நின்றதே பெரிய வேலை, அம்மா. நிற்காமல் போன ஆண்டில் என்ன நடந்தது என்று இந்த மேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிற்பகல் பியோங்தேக். அமெரிக்கா தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கும் முகாம்களிலேயே பெரியதான கேம்ப் ஹம்ப்ரீஸ் இங்கே இருக்கிறது. உள்ளே போக முடியாது. வேலியோரமாக வாடகைக் காரில் போய்க்கொண்டே இருந்தோம், வேலி முடிகிற வழியாகத் தெரியவில்லை. வாயிலுக்கு எதிரே அஞ்சோங்ரி கடைத்தெருவில் தையல்கடை, பர்கர் கடை, பதக்கங்களுக்குச் சட்டம் போட்டுத் தரும் கடை. கட்டி முடிக்க ஏறத்தாழ 1,080 கோடி டாலர் ஆனது. அதில் பத்தில் ஒன்பது பங்கைக் கொடுத்தது தென்கொரியா. இலவசமாகக் காவல் வாங்கும் நாடு என்று சொல்கிறவர்கள் இந்த வேலியைச் சுற்றி ஒருமுறை வர வேண்டும்.

அந்த வேலிக்குள் தேச்சுரி என்றொரு ஊர் இருந்தது. ஜப்பானியர் விமானத்தளம் போட்டபோது நிலம் இழந்த மக்கள் அவர்கள். 1952ல் அமெரிக்கப் படை தளத்தைப் பெரிதாக்கியபோது வீட்டையும் இழந்தார்கள். கடலோரச் சேற்று நிலத்தை அணைகட்டி, மண் சுமந்து, உப்பை ஓட்டி நெல் வயலாக்கினார்கள். ஒரு தலைமுறையின் உழைப்பு. 2004 வாக்கில் சியோலிலிருந்து தலைமையகம் வருகிறது என்று மறுபடி நிலம் கேட்டார்கள். மக்கள் மறுத்தார்கள், மாலை தோறும் மெழுகுவத்தி ஏந்தி உட்கார்ந்தார்கள். 2006 மே 4ஆம் தேதி ஆயிரக்கணக்கான போலீசும் ராணுவமும் வந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தை இடித்தன. அனுப்பியது கொரிய அரசு. மறு ஆண்டு ஊர் காலியானது.

அவர்களுக்குக் கொடுத்த புதுக் குடியிருப்பு சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சிறு நினைவகம் ஒன்று வைத்திருக்கிறார்கள். வெளியே மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்த பாட்டியிடம் தம்பி பேச்சுக் கொடுத்தார். அமெரிக்கர் மேல் கோபமா என்று கேட்கச் சொன்னேன். பாட்டி காய்களைத் திருப்பியபடியே சொன்னதைத் தம்பி சொன்னார்: “அந்தப் பையன்கள் என்ன செய்வார்கள், அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். என் வயலைக் கேட்டு வந்தவன் என் மொழி பேசினான்.”

காவலுக்கு ஆகும் செலவை வாஷிங்டனும் சியோலும் டாலரிலும் வோனிலும் எழுதுகின்றன. இந்தப் பாட்டியின் வயல் எந்தப் பத்தியிலும் வரவில்லை. வலிமையான நாடு சுமை தாங்குகிறது என்று சொல்லும்போது, அதன் காலடியில் இருக்கும் எளியவர்களும் தாங்குகிறார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லாத எந்தக் கணக்கையும் நான் ஏற்கமாட்டேன்.

வெள்ளி, உய்ஜோங்பு

காலையிலிருந்து மழை. குறிப்பு சுருக்கம்.

மதியம் உய்ஜோங்புவில் புதேஜிகே சாப்பிட்டோம். போர் முடிந்த பஞ்ச காலத்தில் அமெரிக்க முகாம்களிலிருந்து கசிந்த டப்பா இறைச்சியையும் சாசேஜையும் கிம்ச்சியோடு போட்டுக் கொதிக்க வைத்ததில் பிறந்த குழம்பு. இப்போது அதற்கென்றே ஒரு தெரு. காரம் நம் நாக்குக்கு ஏற்றது.

பக்கத்து யாங்ஜுவில் 2002 ஜூன் 13 அன்று, கிராமச் சாலையில் நடந்து போன 14 வயது மாணவிகள் இருவர் மேல் அமெரிக்கக் கவச வண்டி ஏறியது. இருவரும் இறந்தார்கள். இரண்டு நாடுகளுக்கும் இடையிலான படை ஒப்பந்தப்படி விசாரணை அமெரிக்க ராணுவ நீதிமன்றத்தில்தான் நடந்தது. வண்டியில் இருந்த இருவரும் நவம்பரில் விடுதலையானார்கள். சியோல் வீதிகளில் பல்லாயிரம் மெழுகுவத்திகள் எரிந்தன. காவலுக்கு வந்தவர் தவறு செய்தால் காக்கப்படுகிறவர் தன் மண்ணிலேயே கேள்வி கேட்க முடியாது என்றால், அந்த நாட்டு மக்களுக்கு அந்தக் காவல் எப்படி இனிக்கும்? அமெரிக்கா ஏற்க வேண்டிய சுமையில் இதுவும் உண்டு. தன் வீரனை அந்த ஊர் நீதிமன்றத்தில் நிறுத்தும் துணிவு.

சனி, குவாங்ஹ்வாமுன்

சியோலின் பெரிய சதுக்கம். ஒரு பக்கம் அமெரிக்கத் தூதரகம். சாலையில் வயதானவர்கள் கூட்டம் கூட்டமாக ஒரு கையில் கொரியக் கொடி, மறு கையில் அமெரிக்கக் கொடி. நம்மூர் ஊர்வலத்தில் இன்னொரு நாட்டுக் கொடியை இப்படிப் பாசத்தோடு தூக்குவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் 1950ன் குளிர்காலத்தில் கைக்குழந்தையாக முதுகில் கட்டித் தூக்கி வரப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் பிடிக்கும் கொடியை நான் எடைபோட மாட்டேன்.

நடுவே தளபதி யி சுன்-சின் சிலை. 1592ல் ஜப்பான் படையெடுத்தபோது கடலில் அதைத் தடுத்தவர். தரையில் கொரியாவுக்கு உதவ வந்தது அன்றைய வல்லரசான மிங் சீனா. சும்மா வரவில்லை, தன் எல்லைக்கு இது வேலி என்று கணக்குப் பார்த்துத்தான் வந்தது. பியோங்யாங்கை மீட்டுக் கொடுத்தது. அதே படை ஊர்களில் தானியத்தையும் பறித்தது. அப்புறம் கொரியாவை ஒதுக்கி வைத்துவிட்டு ஜப்பானோடு தானே பேச்சு நடத்தியது. 1953 ஜூலை 27 போர்நிறுத்த ஆவணத்திலும் தென்கொரியாவின் கையெழுத்து இல்லை. ஐ.நா. படையின் சார்பில் அமெரிக்கத் தளபதி, வடகொரியா, சீனா மட்டும்தான். ரீ கையெழுத்திட மறுத்தார். உடன்படிக்கை இல்லாமல் நம்மை விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறார்கள் என்று, ஜூன் மாதமே 27 ஆயிரம் போர்க்கைதிகளைத் தானாகத் திறந்துவிட்டுப் பேச்சுவார்த்தையையே ஆட்டம் காண வைத்தார். அந்தப் பிடிவாதத்தில் கிடைத்ததுதான் அக்டோபர் 1ல் கையெழுத்தான பாதுகாப்பு ஒப்பந்தம்.

மிங் கதையின் பின்பாதி இன்னும் கசப்பு. தங்களைக் காத்த மிங்குக்கு நன்றிக்கடன் என்று கொரிய அரசவை அதையே பற்றிக்கொண்டிருந்தது. மிங் தளர்ந்து சீனாவின் வடகிழக்கில் மஞ்சூக்கள் எழுந்ததைக் காண மறுத்தது. 1636ன் குளிர்காலத்தில் மஞ்சூப் படை வந்தது. மன்னர் இஞ்சோ மலைக்கோட்டையில் 47 நாள் பதுங்கி, கடைசியில் கீழே இறங்கி மண்டியிட்டுத் தலையைத் தரையில் தொட்டுப் பணிந்தார். காப்பவர் என்றும் வலிமையாக இருப்பார் என்று நம்பி உட்கார்ந்த நாட்டுக்கு நடந்தது அது. கொரியப் பிள்ளைகள் இதைப் பள்ளியிலேயே படிக்கிறார்கள். அதனால்தான் வாஷிங்டனில் யாராவது “திரும்பி வருகிறோம்” என்றதும் இங்கே வேறு பேச்சு கிளம்புகிறது.

1971ல் அமெரிக்க அதிபர் நிக்சன் ஒரு முழுப் படைப்பிரிவை, சுமார் 20 ஆயிரம் பேரை, திரும்ப அழைத்தார். அன்றைய தென்கொரிய அதிபர் பார்க் சுங் ஹீ ரகசியமாக அணு ஆயுதத் திட்டத்தைத் தொடங்கினார். அமெரிக்கா மிரட்டித்தான் அதை நிறுத்தியது. 1977ல் கார்ட்டர் தரைப்படையை முழுக்க விலக்குவதாக அறிவித்தார், வடக்கின் பலம் நினைத்ததைவிடப் பெரியது என்று தெரிந்து 1979ல் கைவிட்டார். இன்று கருத்துக் கணிப்பு எடுத்தால் சொந்த அணுகுண்டு வேண்டும் என்போர் பத்துக்கு ஏழு பேர் வரை வருகிறார்கள். தம்பிக்கும் அதில் சாய்வு உண்டு. “அக்கா, அடுத்தவன் மூடு பார்த்து எத்தனை காலம் வாழ்றது? இவங்களே ஒண்ணு செஞ்சு வச்சுக்கிட்டா பிரச்சினை முடிஞ்சுதே.”

“முடியாது தம்பி. இவங்க செஞ்சா ஜப்பான் சும்மா இருக்குமா? அதைப் பார்த்து தைவான்? ஒவ்வொரு வீட்டுலயும் ஒண்ணு இருக்கிற தெருவுல யாரு நிம்மதியாத் தூங்குவா?”

என்னைப் பொறுத்தவரை வலிமையான நாடு இந்தச் சுமையை ஏற்க வேண்டும் என்பதற்கு இதுதான் எல்லாவற்றிலும் கனமான காரணம். தன் காவல் குடை நம்பத்தக்கது என்று அது காட்டும் வரைதான் மற்றவர்கள் குண்டு செய்யாமல் இருப்பார்கள். அந்த நம்பிக்கை ஒருநாள் உடைந்தால், மிச்சம் பிடித்த டாலரைக் கொண்டு அதைத் திரும்ப வாங்க முடியாது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1991லிருந்து படைச் செலவில் ஒரு பங்கைத் தென்கொரியா கொடுக்கிறது. 2019ல் டிரம்ப் அரசு ஆண்டுக்கு 500 கோடி டாலர் கேட்டது. பேச்சு இழுபறியாகி, 2020 ஏப்ரலில் முகாம்களில் வேலை செய்த சுமார் 4,000 கொரியர்களைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பேரத்தில் சோற்றை இழந்தவர்கள் சமையல்காரர்களும் எழுத்தர்களும்தான். 2024ல் போட்ட ஒப்பந்தப்படி 2026க்கான பங்கு 1.52 லட்சம் கோடி வோன், அதாவது 110 கோடி டாலர் அளவில். அதே ஆண்டு அக்டோபரில் டிரம்ப், தான் பதவியில் இருந்தால் 1,000 கோடி டாலர் கொடுத்திருப்பார்கள் என்றார். நிலம் தந்து, முகாம் கட்டித் தந்து, பங்குப் பணமும் தந்து, தன் ஆண்பிள்ளைகளைக் குறைந்தது 18 மாதம் கட்டாய ராணுவத்துக்கு அனுப்பும் நாட்டிடம் இப்படிக் கேட்பது முறையல்ல.

இவர்கள் பதிலுக்கு வந்ததும் உண்டு. வியட்நாமுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கொரியப் படையினர் போனார்கள், சுமார் 5,000 பேர் திரும்பவில்லை. அங்கே அந்தப் படை கிராமத்து மக்களைக் கொன்ற பழியையும் சுமந்து நிற்கிறது. வல்லரசின் நட்புக்காக இன்னொருவர் மண்ணில் செய்தது அது. நட்பு நாடு என்பதற்காக எந்தப் போருக்கும் போகலாம் என்று ஆகிவிடாது. காக்கும் கடமை வேறு, கூடச் சேர்ந்து படையெடுப்பது வேறு.

ஞாயிறு, பூசான்

அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். தம்பியும் கூட வந்தார், மாலை ரயிலில் திரும்பிவிடுவார்.

ஐ.நா. நினைவுக் கல்லறைத் தோட்டம் நகரத்துக்கு உள்ளேயே இருக்கிறது. 1951ல் அமைத்தது. சுமார் 2,300 பேர் இங்கே கிடக்கிறார்கள். அமெரிக்கக் கல்லறைகள் நாற்பது அளவுதான், பெரும்பாலோரை ஊருக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அதிகம் இருப்பது பிரிட்டிஷார். துருக்கியர் 462 பேர். துருக்கி ஏன் இவ்வளவு தூரம் வந்து இவ்வளவு பேரை இழந்தது? பக்கத்தில் சோவியத், நேட்டோவில் இடம் வேண்டியிருந்தது. 1952ல் கிடைத்தது. சிறிய நாடுகள் காவலுக்கு முன்பணமாக உயிரைக் கொடுத்த கதை அந்தக் கற்களில் இருக்கிறது. போர் முடிந்து ஊர் திரும்பி, பேரன் பேத்தி பார்த்து, முதுமையில் இறந்தபின் இங்கேயே புதைக்கச் சொல்லி வந்து சேர்ந்தவர்களும் உண்டு.

வெளியே ஒரு கடையில் குளிர்ந்த கோதுமை நூடுல்ஸ் சாப்பிட்டபடி தம்பியோடு கடைசிச் சண்டை. அமெரிக்கா இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போது தயக்கமில்லை என்றேன். 1949ல் போனதற்கு விலை கொடுத்தவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஆனால் இருக்கும் விதம் மாற வேண்டும். சமாதான காலத்தில் தன் ராணுவத்துக்குத் தானே கட்டளையிடும் உரிமை தென்கொரியாவுக்கு 1994ல்தான் திரும்பக் கிடைத்தது. போர் வந்தால் கூட்டுப் படையின் தலைமை இன்றும் அமெரிக்கத் தளபதியிடம்தான். 1950 ஜூலையில் ரீ ஒரு கடிதத்தில் ஒப்படைத்த உரிமை அது. உலகின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்று, நான்கரை லட்சம் அளவில் படை வைத்திருக்கும் நாடு, தன் பிள்ளைகளை எப்போது போருக்கு அனுப்புவது என்பதில் தன் தளபதியின் சொல்லே முதற்சொல்லாக இருக்க வேண்டும் என்று கேட்பதில் தவறென்ன?

“அப்படிக் கொடுத்துட்டா, சரி நீங்களே பாத்துக்கங்கன்னு அவங்க கிளம்பிட மாட்டாங்களா அக்கா? இங்க பெரியவங்க பயப்படுறது அதுக்குத்தான்.”

“கட்டளை கையில இருந்தாத்தான் இருப்பேன், இல்லேன்னா போயிடுவேன்னு சொன்னா, அவங்க காக்க வந்தது யாரை?”

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. கட்டளை தன்னிடம் இல்லாத போரில் எந்த அமெரிக்க அதிபரும் தன் வீரர்களைச் சாக விடமாட்டார், அந்த நாட்டு மக்களும் விடமாட்டார்கள் என்றார். அந்த ஆசிரியை அம்மாவை நினைத்தால் அதுவும் உண்மைதான். இரண்டு தளபதிகளும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கும் கூட்டுத் தலைமை 1978லிருந்தே இருக்கிறது, அதில் கொரியர் முதல்வராகவும் அமெரிக்கர் துணையாகவும் மாறுவதுதான் பேச்சுவார்த்தையில் இருக்கும் திட்டம் என்றேன். “அதை எந்த வருஷம் செய்வாங்கன்னு கேளுங்க, பல தடவை தள்ளிப் போட்டாச்சு” என்றார். அவர் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.